தைராய்டு ஹார்மோன் மூளைக்குள் எப்படிப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் மாணவிகள், வீட்டில் தைராய்டு மாத்திரை சாப்பிடும் சொந்தக்காரர்கள், வளர்ச்சி பின்தங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையும் பெற்றோர் என்று பலரும் என்னிடம் கேட்பது சுற்றிச்சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன் மூளைக்குள் போய்ச் சேருகிறதா? ரிப்போர்ட்டில் இருக்கும் எண் ரத்தத்தின் கணக்கு. மூளையின் கணக்கு தனி. இது புரிந்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பதால் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, இங்கே தொகுத்திருக்கிறேன்.

தைராய்டு கழுத்துல இருக்கு. மூளைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. கருவில் மூளைச் செல்கள் பிறந்த இடத்திலிருந்து நகர்ந்து தங்களுக்கான அடுக்கில் போய் அமர்வதற்கும், கிளை விடுவதற்கும், நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை உருவாவதற்கும் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது சரியான நேரத்தில் கிடைக்காவிட்டால் ஏற்படும் இழப்பைப் பின்னால் முழுவதும் ஈடுகட்ட முடியாது.

பெரியவர்களின் மூளைக்கும் அது தேவை. ஹார்மோன் குறைந்தால் மந்தம், மறதி, மனச்சோர்வு வரும். கூடினால் படபடப்பு, தூக்கமின்மை. ஆனால் பெரியவர்களுக்கு வரும் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகிவிடும். குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை.

டி3, டி4ன்னு ரெண்டு போட்டிருக்காங்களே, எதுக்கு ரெண்டு?

எண்கள் அயோடின் அணுக்களைக் குறிக்கின்றன. டி4 என்ற தைராக்ஸினில் நான்கு அயோடின், டி3யில் மூன்று. தைராக்ஸினை 1914 டிசம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால் தனியாகப் பிரித்தெடுத்தார். டி3 இருப்பது 1952ல்தான் லண்டனில் தெரியவந்தது.

சுரப்பி அதிகமாக வெளியிடுவது டி4. செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்குவது பெரும்பாலும் டி3. உடம்பில் உள்ள டி3யில் ஏறத்தாழ 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே, டி4லிருந்து ஒரு அயோடினைக் கழற்றித் தயாராவது. அந்தக் கழற்றும் வேலை எங்கே நடக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூளை விஷயத்தில் அதுதான் முக்கியம்.

ரத்தத்துல இருக்கிற ஹார்மோன் எல்லாமே மூளைக்குப் போகுமா?

போகாது. ரத்தத்தில் இருக்கும் டி4ல் 99.9 சதவீதத்துக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தைராக்ஸின் பிணைப்பு குளோபுலின், டிரான்ஸ்தைரெட்டின், ஆல்புமின் ஆகிய மூன்றும்தான் அந்தப் புரதங்கள். அது குதிரில் கிடக்கும் நெல் மாதிரி: வீட்டில் இருக்கிறது, ஆனால் இன்றைய உலைக்கு எடுத்தது கொஞ்சம்தான். ஒட்டாமல் தனியாகத் திரியும் டி4 சுமார் 0.02 சதவீதம், டி3 சுமார் 0.3 சதவீதம். செல்களுக்குள் நுழையக்கூடியது அதுதான். டாக்டர் 'ஃப்ரீ டி4' பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ரத்த-மூளைத் தடுப்புன்னு சொல்றாங்களே, அது சுவரா?

தனியாக ஒரு சுவர் கிடையாது. மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்செல்களே அந்தத் தடுப்பு. உடம்பின் மற்ற இடங்களில் இந்தச் செல்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளி இருக்கும். மூளையில் அவை ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிணைந்திருக்கும். அதனால் நடுவில் கசிந்து போக வழியில்லை. எது உள்ளே போக வேண்டுமானாலும் செல்லின் ஒரு பக்கச் சவ்வில் நுழைந்து மறுபக்கச் சவ்வு வழியாக வெளியேற வேண்டும்.

தைராய்டு ஹார்மோன் கொழுப்பில் கரையும், அதனால சவ்வு வழியா தானா நுழையும்னு எங்க புத்தகத்துல இருக்கே?

பழைய பாடப்புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. சில புதியவற்றிலும் இன்னும் திருத்தாமல் வருகிறது. சவ்வு கொழுப்பால் ஆனது, ஹார்மோனும் கொழுப்பில் கரையக்கூடியது, ஆகவே நுழைந்துவிடும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். ஆனால் அந்த மூலக்கூறின் ஒரு பகுதி அமினோ அமிலம். அதில் மின்னேற்றம் இருக்கிறது. மின்னேற்றம் உள்ள பகுதியைச் சவ்வின் கொழுப்பு நடுப்பகுதி எளிதில் விடாது.

1970களின் பிற்பகுதியிலிருந்தே, செல்கள் ஹார்மோனை உள்ளே எடுத்துக்கொள்வதற்கு ஒரு வரம்பு உண்டு என்று சோதனைகள் காட்டத் தொடங்கின. தானாக ஊடுருவுவதாக இருந்தால் அப்படி ஒரு வரம்பு வராது. கொண்டுபோகும் புரதங்கள் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது. அவை எவை என்று கண்டுபிடிக்கத்தான் காலம் பிடித்தது. பரீட்சையில் 'தானாக ஊடுருவும்' என்று எழுதாதீர்கள்.

அப்போ யார் உள்ளே கொண்டுபோறது?

முக்கியமாக இரண்டு கடத்திப் புரதங்கள். முதலாவது எம்சிடி8. இது தைராய்டு ஹார்மோனைக் கடத்துகிறது என்பதை 2003ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். டி4, டி3 இரண்டையும் கடத்தும். உள்ளேயும் விடும், வெளியேயும் விடும். சவ்வை 12 முறை குறுக்கே கடக்கும் நீண்ட புரதம் இது. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பின்னால் வரும் பதில்களுக்கு இந்தத் தகவல் தேவைப்படும்.

இரண்டாவது ஓஏடிபி1சி1. இது முக்கியமாக டி4ஐக் கடத்தும். டி3யை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. மூளையின் ரத்தக்குழாயில் இது எவ்வளவு இருக்கிறது என்பது விலங்குக்கு விலங்கு மாறும். எலிகளில் ஏராளம். மனிதர்களில் மிகக் குறைவு. ஆகவே மனித மூளையின் தடுப்பைத் தாண்ட, பெரும்பாலும் எம்சிடி8ஐத்தான் நம்பியிருக்கிறோம். எம்சிடி10, எல்ஏடி1, எல்ஏடி2 போன்ற வேறு கடத்திகளும் உண்டு. மூளையின் தேவைக்கு அவை போதவில்லை.

உள்ளே போயிட்டா வேலை முடிஞ்சுதா?

முடியவில்லை. உள்ளே போன டி4, ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவ துணைச் செல்களுக்குப் போகிறது. அங்கே 'டீஅயோடினேஸ் 2' என்ற நொதி ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகிறது. மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன கழற்றும் வேலை இதுதான். மூளையில் இருக்கும் டி3யில் பெரும்பகுதி இப்படி உள்ளேயே தயாரானது. அந்த டி3 ஆஸ்ட்ரோசைட்டை விட்டு வெளியேறி, பக்கத்தில் உள்ள நரம்புச் செல்லுக்குள் போகிறது. அங்கும் அதை உள்ளே விடுவது எம்சிடி8தான் என்பது கவனிக்க வேண்டியது. ஒரே புரதம் தடுப்பிலும் நிற்கிறது, நரம்புச் செல்லின் சவ்விலும் நிற்கிறது.

நரம்புச் செல்லுக்குள் இன்னொரு நொதி இருக்கிறது, டீஅயோடினேஸ் 3. அது வேறோர் அயோடினைக் கழற்றி டி3யைச் செயலிழக்க வைக்கும். டி4ஐ உபயோகமில்லாத 'ரிவர்ஸ் டி3' ஆக்கும். தயாரிக்கும் நொதி ஒரு செல்லில், அழிக்கும் நொதி அடுத்த செல்லில். ரத்தத்தில் டி4 குறைந்தால் முதல் நொதி சுறுசுறுப்பாகும், இரண்டாவது அடங்கும். இதனால் ரத்தத்தில் அளவு ஏறி இறங்கினாலும் மூளைக்குள் டி3 அவ்வளவாக ஆடுவதில்லை. இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு வருடமும் பாடம் எடுக்கும்போது எனக்கு வியப்பு குறைவதே இல்லை.

மூளையைச் சுற்றி இருக்கிற திரவம் வழியா போகாதா?

கொஞ்சம் போகும். மூளை அறைகளில் இருக்கும் கோராய்டு பின்னல் என்ற திசு, ரத்தத்திலிருந்து மூளைத் தண்டுவடத் திரவத்தைச் சுரக்கிறது. அந்த வழியாகவும் ஹார்மோன் வருகிறது. அந்தத் திசுவே டிரான்ஸ்தைரெட்டினையும் தயாரித்துத் திரவத்தில் விடுவதால், அதுதான் மூளைக்கு டி4ஐச் சுமந்து செல்லும் முக்கிய வாகனம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். ஆனால் அந்தப் புரதமே இல்லாத எலிகளில் மூளையின் ஹார்மோன் நிலை கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. முக்கிய வழி ரத்தக்குழாய்தான்.

டி3தான் வேலை செய்யுதுன்னா, டி4 மாத்திரை எதுக்கு? நேரா டி3யே குடுத்துடலாமே?

டி3 ரத்தத்தில் சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும். பாதியாகக் குறைய ஒரு நாள்தான். டி4க்கு ஏறத்தாழ ஒரு வாரம். டி3 மாத்திரையில் அளவு ஏறி இறங்கும்போது இதயம் படபடக்கும். அதோடு, மூளை தன் டி3யை டி4லிருந்து தானே செய்துகொள்வதைப் பார்த்தோம். டி4 கொடுத்தால் மூளை தனக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொள்ள முடிகிறது.

கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். கருவின் மூளை டி4ஐ வாங்கித்தான் டி3 செய்துகொள்கிறது. அம்மாவின் ரத்தத்தில் டி3யை ஏற்றினால் கருவின் மூளைக்குப் போதாது. கர்ப்ப காலத்தில் டி3 மாத்திரையோ, விலங்குத் தைராய்டைக் காயவைத்துச் செய்த மாத்திரையோ வேண்டாம் என்பது இதனால்தான்.

மாத்திரை போடுறேன், டி.எஸ்.எச் நார்மல். ஆனா தலை மந்தமாவே இருக்கு. மூளைக்கு ஹார்மோன் போகலையா?

டி.எஸ்.எச் என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன். அதாவது அது பிட்யூட்டரியின் கருத்து. பிட்யூட்டரி ரத்த-மூளைத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. தனக்கு வரும் டி4ஐத் தானே டி3 ஆக்கிப் பார்த்து 'போதும்' அல்லது 'போதாது' என்று சொல்கிறது. மூளையின் மற்ற பகுதிகளை அது நேரடியாக அளப்பதில்லை. ஆகவே உங்கள் சந்தேகம் அர்த்தமுள்ளது. டீஅயோடினேஸ் 2 மரபணுவில் சிலருக்கு இருக்கும் சிறிய மாறுபாடுதான் காரணமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆய்வுகள் ஆம் என்றன, சில இல்லை என்றன. அதை வைத்து மருந்து தீர்மானிக்கும் நிலை வரவில்லை.

நடைமுறையில் முதலில் பார்க்க வேண்டியவை வேறு: ரத்தசோகை, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு. மாத்திரையை விடியற்காலை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு முன் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் விடுகிறீர்களா? இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி இருக்கிறதா? என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு இங்கேதான் கோளாறு. இவை எல்லாம் சரியாக இருந்தும் மந்தம் போகவில்லை என்றால், 'நார்மல்தானே, போங்க' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். டி4யோடு கொஞ்சம் டி3 சேர்த்துப் பார்ப்பதைப் பற்றி நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

வயித்துல இருக்கிற குழந்தைக்குத் தைராய்டு தானா வந்துடாதா? அம்மாவோடது எதுக்கு?

வரும், ஆனால் தாமதமாக. கருவின் சுரப்பி கர்ப்பத்தின் நடுப்பகுதியில், 16 முதல் 20 வாரங்களுக்குள்தான் கணிசமாகச் சுரக்கத் தொடங்கும். அதற்கு முன் மூளையின் அடிப்படை அடுக்குகள் உருவாகும் காலம் முழுவதும் அம்மாவின் டி4தான். நஞ்சுக்கொடி அதில் நிறைய அழித்துவிடுகிறது என்றாலும் ஒரு பங்கு கடந்து போகிறது. சொந்தமாக ஹார்மோனே தயாரிக்க முடியாத குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் கணிசமான டி4 இருப்பதை 1989ல் நெதர்லாந்து மருத்துவர்கள் காட்டினார்கள். அது அம்மாவிடமிருந்து மட்டுமே வந்திருக்க முடியும்.

அதனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பம் என்று தெரிந்த உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். தேவை 25 முதல் 50 சதவீதம் வரை கூடலாம். அயோடின் கலந்த உப்பையும் விடாதீர்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பிறந்ததும் குதிகால்ல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, நார்மல்னாங்க. இனி பயமில்லையே?

சுரப்பி வேலை செய்யாத குழந்தைகளைக் கண்டுபிடிக்க அது அருமையான சோதனை. முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை காப்பாற்றப்படுகிறது. எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் பெரும்பாலும் அதில் பார்ப்பது டி.எஸ்.எச். ஹார்மோன் தயாராகிறது, மூளைக்குள் மட்டும் போகவில்லை என்ற நிலையை அது பிடிக்காது.

அப்படியும் ஒரு நோய் இருக்கா?

இருக்கிறது. 1944ல் ஆலன், ஹெர்ன்டன், டட்லி என்ற மூவர் அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடும் தசைத் தளர்ச்சியும். தைராய்டோடு யாரும் அதை இணைத்துப் பார்க்கவில்லை. 2004ல் எம்சிடி8 மரபணுவில் பிழை உள்ள சிறுவர்களைச் சிகாகோ, ராட்டர்டாம் குழுக்கள் கண்டறிந்தன. 1944ன் நோயும் இதுவும் ஒன்றே என்பது அடுத்த வருடமே தெரிந்தது. 60 வருடம் அந்தக் குடும்பங்களுக்குக் காரணமே தெரியாமல் இருந்திருக்கிறது.

குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் இயல்பாகவே தெரியும். சில மாதங்களில் உடம்பு துவண்டிருப்பதும், தலை நிற்காததும் கவனத்துக்கு வரும். பலர் உட்காரவோ நடக்கவோ பேசவோ கற்பதில்லை. வளர வளரக் கை கால் விறைக்கும். எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறாது. ஆண்களில் சுமார் 70,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு.

ரிப்போர்ட்ல டி3 அதிகமா இருக்கு, மூளையில குறைவுன்னு சொல்றாங்க. ரெண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கும்?

இந்த நோயின் சிக்கலே இதுதான். டி4 குறைந்தும், டி3 உயர்ந்தும், டி.எஸ்.எச் நார்மலாகவோ லேசாகக் கூடியோ இருக்கும். ஈரல், இதயம் போன்ற உறுப்புகளில் வேறு கடத்திகள் இருப்பதால் உயர்ந்த டி3 அங்கே தாராளமாக நுழைகிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது, தசை கரைகிறது. அதே நேரம் மூளை பட்டினி கிடக்கிறது. அம்மாக்கள் 'எவ்வளவு ஊட்டினாலும் தேறலை' என்று குற்ற உணர்ச்சியோடு சொல்வதைக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். ஊட்டுவதில் குறையே இல்லை. ஹார்மோன் மிகுதியால் உடம்பு எரிந்துகொண்டிருக்கிறது.

இதே காரணத்தால் வெறும் தைராக்ஸின் மாத்திரை கொடுத்துச் சரிசெய்ய முடியாது. மூளைக்குப் போவதற்கு முன் உடம்பில் ஏற்கெனவே மிகுந்திருக்கும் டி3 இன்னும் கூடிவிடும்.

எலியில எம்சிடி8 எடுத்தா ஒண்ணும் ஆகலைன்னு படிச்சேன். அப்போ இந்த விளக்கம் தப்பா?

தப்பில்லை. எலிக்கு ஓஏடிபி1சி1 ஏராளம் என்று மேலே சொன்னேன். எம்சிடி8 போனாலும் அதன் வழியாக டி4 நுழைகிறது, உள்ளே டி3 தயாராகிறது. ரத்தத்தில் டி3 கூடுவது மட்டும் எலியிலும் அப்படியே வந்தது. 2014ல் இரண்டு கடத்திகளும் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றின் மூளையில் ஹார்மோன் வெகுவாகக் குறைந்து, மயலின் குறைவும் நடைக் கோளாறும் வந்தன. மனிதக் குழந்தையின் நிலைக்கு அதுதான் நெருங்கியது.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். ஓஏடிபி1சி1 மட்டும் பழுதான ஒரு சிறுமியைப் பற்றி 2018ல் எழுதப்பட்டது. தொடக்கத்தில் நன்றாக வளர்ந்தவள், பிறகு மெல்ல மெல்லக் கற்றதை இழக்கத் தொடங்கினாள். மனிதர்களின் ரத்தக்குழாயில் குறைவாக இருந்தாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளில் அந்தக் கடத்திக்கு வேலை இருக்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

எனக்கு ஒண்ணும் இல்லை, பையனுக்கு எப்படி வந்தது? பொண்ணு பிறந்தா வருமா?

பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது உதவும். எனவே அம்மாவுக்குப் பொதுவாக நரம்புத் தொல்லை இருக்காது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அம்மாவிடம் அந்தப் பிழை இருந்தால் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் அம்மாவைப் போல் சுமப்பவளாக இருக்க 50 சதவீத வாய்ப்பு. சில குடும்பங்களில் பிழை குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். இதில் அம்மாவைக் குறைசொல்ல ஒன்றுமே இல்லை. வீட்டில் யாராவது சொன்னால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது நல்லது.

மருந்து இருக்கா?

டிராட்ரிகால் என்ற மருந்து இருக்கிறது. 'ட்ரையாக்' என்றும் சொல்வார்கள். டி3யைப் போலவே வேலை செய்யும், ஆனால் செல்லுக்குள் நுழைய எம்சிடி8 வேண்டாம். 46 நோயாளிகளுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019ல் வெளியானது. ரத்தத்தில் டி3 நன்றாகக் குறைந்தது. எடை, இதயத் துடிப்பு தேறின. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு அனுமதி தந்தது. உடம்பின் 'எரிச்சலை' அது அடக்குகிறது. மூளை வளர்ச்சி தெளிவாக மேம்படுகிறது என்று நிரூபணமாகவில்லை. 'பேச வைக்கும், நடக்க வைக்கும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனாலும் எடை ஏறுவதும் இதயம் அமைதியாவதும் அந்தக் குழந்தைக்குச் சின்ன விஷயமில்லை. 18 மாதத்துக்குள் தலை நிற்காதவர்களுக்கும் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் உயிராபத்து அதிகம் என்று நோயாளிகளின் பதிவுகள் காட்டுகின்றன.

மரபணு சிகிச்சை எலிகளில் நம்பிக்கை தருகிறது. ஒரு குடும்பத்தில், கருவிலேயே பனிக்குட நீருக்குள் தைராக்ஸின் செலுத்திப் பார்த்தார்கள். அந்தக் குழந்தை அதே பிழை உள்ள தன் அண்ணனைவிடத் தேறியது. ஒரே குடும்பத்தின் அனுபவம் என்பதால் வழக்கமான சிகிச்சையாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

பாக்கு, வேர், பொடி எதாவது சாப்பிட்டா ஹார்மோன் மூளைக்கு நல்லா போகுமா?

போகாது. கடத்திப் புரதத்தைக் கூட்டும் உணவு என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அப்படிச் சொல்லி விற்கும் பொடிகளில் தைராய்டு ஹார்மோனோ அளவுக்கு மீறிய அயோடினோ இருந்தால் கெடுதல்தான்.

என் பையனுக்கு எட்டு மாசம், தலை நிக்கலை. டி.எஸ்.எச் நார்மல். என்ன டெஸ்ட் கேட்கணும்?

தலை நிற்காததற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த நோய் அவற்றில் அரிதான ஒன்று. முதலில் குழந்தைகள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கேட்க வேண்டியது எளிய ரத்தப் பரிசோதனைதான்: டி.எஸ்.எச்சோடு ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டி3 குழந்தையின் வயதுக்குரிய அளவைவிட உயர்ந்து, டி4 தாழ்ந்திருந்தால் அந்தச் சேர்க்கையே சந்தேகத்துக்குப் போதும். குழந்தைகளுக்கு இயல்பாகவே டி3 பெரியவர்களைவிட அதிகம். எனவே பெரியவர்களின் வரம்பு அச்சடித்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படவோ சமாதானமாகவோ வேண்டாம்.

சந்தேகம் வலுத்தால் எஸ்எல்சி16ஏ2 என்ற மரபணுவைச் சோதிப்பார்கள். எம்சிடி8க்கான மரபணுவின் பெயர் அது. எம்ஆர்ஐ எடுத்தால் மயலின் தாமதமாக உருவாவது தெரியலாம். முடிவு வரும் வரை பிசியோதெரபியையும், சரியாக விழுங்குகிறானா என்ற சோதனையையும், எடைக் கண்காணிப்பையும் தொடங்கிவிடுங்கள். நோய் எதுவாக இருந்தாலும் அவை வீண்போகாது.